இருட்டைக் கெடுக்காத வெளிச்சம்: இரவு விமானியின் டார்ச் லைட்

(தருமபுரியில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் சொந்தமாக ஓடுதளம் அமைத்து, இத்தாலியின் பார்ட்டனேவியா நிறுவனத்தோடு கைகோத்து, பி-68 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானங்களைக் கட்டியது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ‘ஹன்ஸா’ பயிற்சி விமானங்களும் அங்கே உருவாயின. இன்றைக்கு இன்னும் பக்கத்தில் வாய்ப்பு இருக்கிறது. தொப்பூர் கணவாயைத் தாண்டி ஓமலூர் பக்கம் போனால் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 2022-இல் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்காக இடம் ஒதுக்கிய நிலையங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர் நாளை விமானி ஆகலாம். அப்படி ஆகிறவர் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 5 மணி நேரம் இரவுப் பறப்பு. அந்த இரவுகளில் 10 முறை கிளம்பி 10 முறை இறங்கியிருக்க வேண்டும். அதற்குத் தேவையான ஏறக்குறைய எல்லாவற்றையும் பயிற்சிப் பள்ளி சொல்லிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு பொருளை மட்டும் பையன்களும் பெண்களும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிவந்துவிடுகிறார்கள். அது டார்ச் லைட். விமானப் பராமரிப்புக் கூடங்களில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கடையில் போய் டார்ச் கேட்டால் முதலில் என்ன சொல்வார்கள்? “இது ஆயிரம் லூமன் சார், ஒரு கிலோமீட்டர் அடிக்கும்.” என் கட்சி இதற்கு நேர் எதிரானது. இரவில் பறக்கிறவனுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அந்த வெளிச்சத்தை அணைத்த பிறகு அவன் கண்ணில் எவ்வளவு பார்வை மிச்சமிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஏன் என்று பார்ப்போம். நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் பகலுக்கு உரியவை. நிறமும் நுட்பமும் அவற்றால் தெரிகின்றன. கோல் செல்கள் இரவுக்கு உரியவை. அவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் மிக மங்கலான ஒளியையும் பிடித்துவிடும். கோல் செல்லுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சட்டென்று சிதைந்துபோகும். மறுபடி உருவாக வைட்டமின் ஏ வேண்டும், நேரமும் வேண்டும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு மாலைக்கண் வருவது இதனால்தான். விழித்திரையில் வைட்டமின் ஏ செய்யும் வேலையைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நேரம் எவ்வளவு? இருட்டுக்குள் போனதும் கூம்பு செல்கள் பத்து நிமிடங்களுக்குள் தம்மால் முடிந்த அளவுக்குப் பழகிவிடும். கோல் செல்கள் முழுமையாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் வறண்ட ஊர்க் கிணறு மாதிரிதான். மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும். ஊற வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். அரை மணி நேரம் ஊறிய பார்வையை டார்ச்சின் ஒரே ஒரு வீச்சு ஒரு நொடியில் இறைத்துவிடும். விமானம் இறங்க இன்னும் ஐந்து நிமிடமே இருக்கும்போது அப்படி ஆனால், தரை தொடுவதற்குள் பழைய பார்வை திரும்பாது.

இன்னொரு செய்தி. விழித்திரையின் நடுமையத்தில் கோல் செல்களே இல்லை. அதனால் இரவில் ஒரு மங்கலான விளக்கை நேராகப் பார்த்தால் அது மறைந்துபோகும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். இரவு விமானிக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் இது ஒன்று. உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவதால் இந்தப் பார்வை இன்னும் மங்கும். 5,000 அடிக்கு மேல் இரவில் பறக்கும்போது கூடுதல் பிராணவாயு எடுத்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க விமானத் துறை சொல்கிறது. புகைபிடிப்பவர்களுக்குத் தரையிலேயே சற்று உயரம் ஏறிய கணக்குத்தான்.

இங்கேதான் சிவப்பு விளக்கு உள்ளே வருகிறது. கோல் செல்களுக்கு நீலப்பச்சை நன்றாகத் தெரியும். அடர் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. அப்படியானால் சிவப்பு வெளிச்சத்தில் கூம்பு செல்களால் படித்துக்கொண்டே, கோல் செல்களைத் தூங்கவிடலாமே? இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் விமானிகள் அல்லர், எக்ஸ்ரே மருத்துவர்கள். அந்தக் காலத்து எக்ஸ்ரே திரை மிக மங்கலானது. அதைப் பார்க்க மருத்துவர் இருட்டறையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 1916-இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் டிரெண்டலென்பர்க் சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டு மருத்துவர் வெளியே நடமாடலாம். கழற்றியதும் கண் இருட்டுக்குத் தயாராக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இரவு விமானிகள் கிளம்புவதற்கு முன் அதே போன்ற கண்ணாடியை அணிந்து காத்திருந்தார்கள். விமானி அறைகளில் சிவப்பு விளக்குகள் வந்தன. டார்ச்சுக்குச் சிவப்பு மூடி போடும் வழக்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

நம் நாட்டிலும் இரவுப் பறப்புக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1949 ஜனவரியில் இரவு விமான அஞ்சல் தொடங்கியது. சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் டகோட்டா விமானங்கள் கிளம்பி நடு இரவில் நாக்பூரில் கூடும். அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைத்தது. கணினித் திரை இல்லாத, காகித வரைபடக் காலம் அது. மடியில் விரித்த வரைபடத்தைப் பார்க்கக் கைவிளக்கு இல்லாமல் முடியாது.

அந்தக் காகித வரைபடந்தான் சிவப்பு விளக்கின் குறையையும் காட்டிக்கொடுத்தது. வெள்ளைக் காகிதத்தில் சிவப்பு மையில் அச்சிட்ட கோடு சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போகும். விமான வரைபடங்களில் முக்கியமான சிலவற்றைச் செந்நிறச் சாயலில் குறிப்பது உண்டு. பார்க்க வேண்டியதே பார்வையிலிருந்து போய்விட்டால் அந்த விளக்கால் என்ன பயன்? அடுத்த குறை, சிவப்பு ஒளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் குவிகிறது. இளைஞனுடைய கண் இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடும். நாற்பது வயதைக் கடந்தவருக்குச் சிவப்பு வெளிச்சத்தில் சின்ன எழுத்தைப் படித்தால் தலைவலிதான் மிஞ்சும்.

மூன்றாவது குறை என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பார்கள். ஹைட்ராலிக் எண்ணெய் பல விமானங்களில் சிவப்பு நிறம். சிவப்பு விளக்கில் அந்த ஒழுகல் தெரியவே தெரியாது. பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ஊற்றும் ‘100 எல்.எல்.’ பெட்ரோல் நீல நிறம்; ஜெட் எரிபொருள் வைக்கோல் நிறம். எரிபொருளைச் சிறு குவளையில் பிடித்து, சரியான எரிபொருள்தானா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது விமானியின் கடமை. சிவப்பு வெளிச்சத்தில் நீலம் கருப்பாகத்தான் தெரியும். எனவே தரையில் நல்ல வெள்ளை வெளிச்சம். உள்ளே மங்கலான வெளிச்சம். அமெரிக்காவின் விமானப் பயிற்சிக் கையேடும் வெள்ளை, சிவப்பு இரண்டையும் தரக்கூடிய விளக்கை வைத்துக்கொள்ளச் சொல்கிறது: சுற்றிவந்து சோதிக்க வெள்ளை, விமானி அறைக்குள் சிவப்பு.

சிவப்பா வெள்ளையா என்ற சண்டையில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். நிறத்தைவிட அளவு முக்கியம். பளீரென்ற சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். மிக மிக மங்கலான வெள்ளையில், ஓரிரு லூமனுக்கு மேல் போகாமல், வரைபடத்தை எல்லா நிறங்களோடும் படித்துவிட்டு அணைத்தால் இழப்பு அதிகமில்லை. ராணுவத்தில் இரவுப்பார்வைக் கருவி அணிந்து பறப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அந்தக் கருவிகள் சிவப்பையும் அகச்சிவப்பையும் பிடிப்பவை. சிவப்பு டார்ச் அவற்றைக் குருடாக்கிவிடும். அதனால் அவர்கள் நீலப்பச்சை விளக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்றைக்கு எல்லாம் திரைதானே, டார்ச் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பறக்கும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நடுவானில் மின்சாரம் முழுவதும் போய்விட்டது என்று வையுங்கள். எஞ்சின் நிற்காது. அதன் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. அதற்கு பேட்டரி தேவையில்லை. வட்ட முள் கருவிகள் உள்ள விமானத்தில் வேகமானி காற்றழுத்தத்தில் இயங்குகிறது, உயரமானியும் அப்படியே. திசைகாட்டி பூமியின் காந்தத்தை நம்பி நிற்கிறது. எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது! அந்த நேரத்தில் விமானத்தையும் விமானியையும் இணைப்பது கையிலுள்ள டார்ச் மட்டுமே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் 6-ஆம் இணைப்பில், இரவில் பறக்கும் விமானத்தில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்த கைவிளக்கு இருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான். அமெரிக்க விதியோ பெரிய விமானங்களுக்கு ‘டி’ அளவு பேட்டரி இரண்டு போட்ட டார்ச் அல்லது அதற்கு ஈடானது வேண்டும் என்கிறது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் இரண்டு கட்டை டார்ச்தான் அது.

இனி வாங்குகிற வேலைக்கு வருவோம்.

முதலில் சுவிட்ச். அழுத்தியதும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் எரிய வேண்டும். பல டார்ச்சுகள் முதல் அழுத்தலில் முழு வெளிச்சம், அடுத்து நடு வெளிச்சம், அதற்கடுத்துக் குறைந்த வெளிச்சம், பிறகு பளிச் பளிச்சென்று மின்னல் என்று வரிசையாக ஓடும். குறைந்த வெளிச்சத்துக்குப் போக முழு வெளிச்சத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள். சிவப்புக்கும் வெள்ளைக்கும் தனித்தனி சுவிட்ச் இருப்பது உத்தமம். இருட்டில், விரலால் தடவியே எது எது என்று தெரிய வேண்டும்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. ‘இத்தனை மீட்டர்’ என்று போட்டிருப்பது வேறு கணக்கு: அமெரிக்கத் தரநிலையின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம், அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்கு மங்கும் தூரம் அது. விமானி அறைக்குள் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் பார்க்கவே வேண்டாம். எனவே பெரிய எண்ணைத் தேடாதீர்கள், சிறிய எண்ணைத் தேடுங்கள். மிகக் குறைந்த நிலையில் எத்தனை லூமன், அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். தரையில் விமானத்தைச் சுற்றிவர நூறு, இருநூறு லூமன் தாராளம். கூர்மையான ஒற்றைக் கற்றையைவிடப் பரந்து விழும் வெளிச்சம் அங்கே உதவும்.

பேட்டரி விஷயத்தில் நான் பழைமைவாதி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல்லில் எரியும் டார்ச்சை ஒன்றாவது வையுங்கள். விமானிகள் பலர் அணியும் இரைச்சல் குறைக்கும் ஹெட்செட்டும் அதே செல்லில் ஓடுவதால் ஒரே உதிரி இரண்டுக்கும் ஆகும். சாதாரண அல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சை அரித்துவிடும். லித்தியம் பென்சில் செல் விலை அதிகம், ஆனால் கசிவது அரிது, வருடக்கணக்கில் கெடாது. சார்ஜ் செய்யும் டார்ச் வசதியானதுதான். ஆனால் பலவற்றில் மங்கி எச்சரிக்காமல் திடீரென்று அணைந்துவிடும் பழக்கம் உண்டு. இன்னொன்று, பயணியாகப் போகும்போது உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.

காந்தம். இது கடைக்காரருக்குத் தெரியாது. இரும்பில் ஒட்டிக்கொள்ளும்படி அடியில் காந்தம் வைத்த டார்ச்சுகள் இப்போது நிறைய வருகின்றன. மெக்கானிக்குக்கு அது வரம். விமானிக்கு அது ஆபத்து. முகப்பில் உள்ள திசைகாட்டிக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோனால் முள் விலகிவிடும். மின்சாரம் போன இரவில் மிஞ்சியிருக்கும் ஒரே திசைகாட்டியைத் தன் டார்ச்சாலேயே கெடுத்துக்கொண்டவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம்.

கயிறு. உருண்டை டார்ச் நழுவி விழுந்தால் நேராகக் கால் மிதிகளுக்கு அடியில் போய் உட்காரும். சுக்கான் மிதி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழுத்தில் மாட்ட ஒரு கயிறு அவசியம். தலையில் மாட்டும் விளக்கு இரண்டு கைகளையும் விடுவிக்கும் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணிலும் அடிக்கும். தனியாகப் பறப்பவருக்கு நல்லது. இருவர் பறக்கும்போது மிக மங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். வாயில் கடித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வானொலியில் பதில் சொல்ல வாய் வேண்டுமே!

கைப்பேசியில் டார்ச் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் வெளிச்சம் இந்த வேலைக்கு அதிகம், எரியவிட்டால் கைப்பேசியின் உயிரையும் குடித்துவிடும். ஆபத்தில் கைப்பேசிக்கு வேறு வேலை இருக்கும்.

வாங்கியதும் வீட்டில் சோதிக்க ஒரு வழி. ஓர் அறையைக் கும்மிருட்டாக்கி அரை மணி நேரம் உட்காருங்கள். ஜன்னல் சட்டமும் கதவு விளிம்பும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது பல வண்ணங்கள் உள்ள வரைபடத்தை மடியில் வைத்து, டார்ச்சின் மிகக் குறைந்த வெளிச்சத்தில் ஊர்ப் பெயர்களைப் படியுங்கள். அணைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். ஜன்னல் சட்டம் இன்னும் தெரிந்தால் அந்த டார்ச் உங்களுக்கு ஆகும். தெரியாவிட்டால் அது வேறு யாருக்காவது ஆகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தால் மூடிய கண்ணின் பார்வை பத்திரமாக இருக்கும் என்பதையும் அப்போதே பழகிக்கொள்ளலாம்.

விமானி ஆகப்போகாதவர்கள் இங்கே அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண் எல்லோருக்கும் ஒன்றுதான். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் இறக்கத்தில் இரவில் வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஏற்றி அடித்துவிட்டுப் போன பிறகு சில நொடிகளுக்குச் சாலையே இருக்காது. நான் இவ்வளவு நேரம் சொன்ன ரொடாப்சின் கதைதான் அங்கேயும் நடக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் விளக்கைத் தாழ்த்துவது மரியாதை மட்டுமல்ல. எதிரே வருபவர் நம் மேல் வந்து மோதாமல் இருக்க நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டோரத்தில் ராகிக்கும் நிலக்கடலைக்கும் இரவுக் காவல் இருக்கிறவர்கள் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் நம் மாவட்டத்தையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர். அங்கே யானையும் பன்றியும் இரவில் இறங்கும். காவலுக்குப் போகிறவர்கள் பெரிய லைட்டை ஓயாமல் சுற்றி அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். ஒளி விழும் வட்டத்துக்குள் எல்லாம் பகல் மாதிரி தெரியும். வட்டத்துக்கு வெளியே, பத்தடி பக்கத்தில் நிற்பது தெரியாது. பரணில் உட்கார்ந்திருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணையும் காதையும் வேலை செய்ய விடுங்கள். நடக்கும்போது பாம்புக்காக வெள்ளை வெளிச்சத்தைத் தாழ்த்திக் காலடியில் அடியுங்கள். தூரத்துக்கான பெரிய லைட் கையில் இருக்கட்டும். தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். யானை என்று தெரிந்தால் விரட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பம் நமக்குக் குறைவில்லாமல் வெளிச்சத்தைத் தந்துவிட்டது. நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்து வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு வழிசெய்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசு. ஒரு காலத்தில் மூன்று கட்டை டார்ச் தந்த வெளிச்சத்தை இன்று விரல் நீள டார்ச் தருகிறது. வெளிச்சம் மலிவாகிவிட்ட காலத்தில் அதைக் குறைக்கத் தெரிவதே திறமை.

எனவே, விமானி ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒன்றுக்கு இரண்டாக டார்ச் வாங்குங்கள்: தரைக்கு வெள்ளை ஒன்று, விமானி அறைக்கு மங்கலாக்க முடிகிற சிவப்பு வெள்ளை இரட்டை ஒன்று. காந்தம் இல்லாததாக, கயிறு உள்ளதாக, பென்சில் செல்லில் எரிவதாகப் பாருங்கள். இரவுப் பறப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் இரண்டையும் எரியவிட்டுச் சோதித்துவிட்டு ஏறுங்கள். பயிற்சிக்கு ஆகும் லட்சங்களுக்கு முன்னால் இதன் செலவு ஒரு பொருட்டே அல்ல.